பதினொரு சனிக்கிழமைகள்

ஜூன் 12

சின்னவளின் அக்காவுக்கு,

வணக்கம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. நான் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வேலை போக மிச்ச நேரத்துக்கு வழிகாட்டி மன்றத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியைத் தருகிறார்கள். உங்கள் தங்கைக்கு நான் வாய்த்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் மூன்றிலிருந்து ஆறு மணி வரை நூலகத்து மாடி அறையில் உட்காருகிறோம்.

படிவத்தில் ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் அவள் உங்களைத்தான் எழுதியிருக்கிறாள், அம்மாவை எழுதவில்லை. நீங்கள் வெளியூரில் தையல் ஆலை விடுதியில் இருப்பதாகச் சொன்னாள். பிள்ளைகளின் வீட்டுக்குப் போகக்கூடாது, வீட்டாரோடு தொலைபேசியில் பேசக்கூடாது என்பது மன்றத்தின் விதி. கடிதத்துக்குத் தடை இல்லை. அதனால்தான் இது.

உங்கள் தங்கைக்குக் கணக்கு நன்றாக வருகிறது. ஒரே ஒரு குறை. விடையை எழுதியதும் “சரியா?” என்று கேட்டால் போதும், சரியான விடையைக்கூட ரப்பரை எடுத்து அழித்துவிடுகிறாள். போன வாரம் அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோனது. நான் ரப்பரைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். இந்த வருடம் முடிவதற்குள் அவளை ரப்பர் இல்லாமல் கணக்குப் போட வைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். அவளைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சின்னவளின் வழிகாட்டி

ஜூன் 20

மிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் காதல் கடிதம் என்று சூழ்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து என்று சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்கு முன்னாலும் எங்கள் தெருவுக்கு இப்படி நல்லது செய்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். பேனா கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மழைக்காலம் வந்ததும் காணாமல் போய்விடுவார்கள். நீங்களும் அந்த ரகம்தான் என்று நினைத்திருந்தேன். ரப்பரைப் பிடுங்கினீர்கள் என்று படித்ததும்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். இங்கே சட்டைக்குக் காலர் வைக்கிற வரிசையில் உட்காருகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை காலர் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எல்லாம் யாரோ ஒருவன் கழுத்தில் போய் உட்காரும். போனை வார்டன் பூட்டி வைத்திருப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கையில் வரும். அந்த ஒரு மணி நேரமும் சின்னவளுக்குத்தான். இப்போது அந்த நேரத்திலும் உங்கள் புராணம்தான். நீங்கள் “மூச்சை அடக்குங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க” என்று சொல்வதைப் போலவே நடித்துக் காட்டினாள். உங்களுக்கு எக்ஸ்ரே மிஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு எழுத்து வராது, அதனால்தான் என் பெயர். அவ்வளவுதான்.

பெரியவள்

ஆகஸ்ட் 13

சின்னவளின் அக்காவுக்கு,

ஐந்தாம் தேதி சின்னவள் வரவில்லை. நேற்றும் வரவில்லை. மாடி அறையில் ஆறு மணி வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலா?

ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வருகைத் தாளில் ஒவ்வொரு வாரமும் நானும் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் ‘வரவில்லை’ என்று விழுந்தால் மன்றத்திலிருந்து வீட்டுப் பார்வையாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். கெடுதலான ஏற்பாடு இல்லை, பிள்ளைக்கு என்ன ஆனது என்று பார்க்கத்தான். இருந்தாலும் உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை மூன்றாவது வாரம்.

எக்ஸ்ரே மிஸ் (பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது)

ஆகஸ்ட் 16

மிஸ்,

இதைச் சாப்பாட்டு இடைவேளையில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கடிதத்தில் நான் பொய் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்தும் வரும், நன்றாகப் படிப்பாள். அவளுக்கு மனசுதான் சரியில்லை. தெருவிலிருந்து யாரோ கூப்பிடுவது போல அவளுக்குக் கேட்கும். “இதோ வந்துட்டேன்” என்று எழுந்து இறங்கிப் போய்விடுவாள். யார் கூப்பிட்டது என்றால் “உனக்குத் தெரியாது” என்பாள். மற்றபடி யாரையும் அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். ஒரு தடவை போனவளை இரண்டு நாள் கழித்து ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தோம், கால் இரண்டும் வெந்துபோயிருந்தது.

காலையில் ஒரு மாத்திரை. அது ஒரு மணி வரை தூங்க வைக்கும். சின்னவளுக்குக் காலைப் பள்ளி, பன்னிரண்டுக்கு விட்டுவிடும். அதனால் மற்ற நாளில் சமாளித்துவிடுகிறாள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கீழ்வீட்டுத் தையல்காரி வந்து அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். அவள் ஜூலை கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

பார்வையாளர் வந்தால் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ‘வீட்டில் பொறுப்பான பெரியவர் இல்லை’ என்று எழுதுவார். அம்மா ஒரு பக்கம், சின்னவள் ஒரு காப்பகம் என்று பிரித்துவிடுவார்கள். மிஸ், உங்கள் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கொஞ்ச நாளைக்குத்தான். வேறு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டேன் என்று சின்னவளுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு ரோஷம் அதிகம், மன்றத்தை விட்டே நின்றுவிடுவாள்.

பெரியவள்

ஆகஸ்ட் 20

சின்னவளின் அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். மூன்று வாரத்துக்கும். அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். கடைசியில் ஒரு சுழி சுழிப்பாள். அது இரண்டாவது தடவையிலேயே எனக்குச் சரளமாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

பதினாறு வருட வேலையில் நான் ஒரு படத்தின் தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, சொல்லிக்கொள்ள எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒன்று யோசித்தேன். சின்னவள் பள்ளி விட்டு வரும் வழியில்தான் ஆஸ்பத்திரி. புதன்கிழமைதோறும் பன்னிரண்டே காலுக்கு எக்ஸ்ரே அறைக்கு வரும்படி பள்ளி வாசலில் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் போதும். போன வாரக் கணக்கைத் தருவாள், நான் அடுத்த வாரத்துக்கானதைத் தருவேன். சனிக்கிழமை மூன்று மணி நேரத்தைப் புதன்கிழமை பத்து நிமிடத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று என் மனசுக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொள்கிறேன்.

அம்மாவை இங்கே மனநலப் பிரிவில் காட்டினால் என்ன? எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். நல்லவர்.

எக்ஸ்ரே மிஸ்

செப்டம்பர் 4

மிஸ்,

முதலில் நன்றி. நன்றி என்ற வார்த்தை இதற்குப் பத்தாது, ஆனால் எனக்குத் தெரிந்தது அதுதான். இன்னொன்று, நான் உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவள். நீங்கள் வாங்க போங்க என்று எழுதுவது சூப்பர்வைசர் திடீரென்று மரியாதையாகப் பேசுவது போலப் பயமாக இருக்கிறது. நீ என்றே எழுதுங்கள்.

ஆஸ்பத்திரி வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தான் அம்மாவை ஒரு இடத்தில் சேர்த்தேன். நல்ல இடம் என்றுதான் சொன்னார்கள். மூன்று மாதம். பார்க்கப் போனபோது கிழிந்த போர்வைத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். மணிக்கட்டைச் சுற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னைப் பார்த்து “எப்ப வந்தே, சாப்பிட்டியா?” என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை அந்த மாதிரி இடத்தில் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. உங்கள் டாக்டர் நல்லவராகவே இருக்கட்டும்.

புதன்கிழமை பற்றிச் சின்னவள் சொன்னாள். “மிஸ்கிட்ட ஈயத்துல ஒரு கோட்டு இருக்குக்கா, என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாங்க, கையே ஒடிஞ்சிடுச்சு” என்றாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாள் ஆனது.

ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவள்

அக்டோபர் 21

பெரியவளுக்கு,

உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாலு நாளாகக் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா, தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மன்றத்தின் கூட்டம். விடுதிப் பள்ளிக்கான தேர்வுக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தால் கல்லூரி முடியும்வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தங்க இடம், புத்தகம், எல்லாம். சின்னவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கணக்குத் தாள்கள் நன்றாக இருந்தன என்பது ஒரு காரணம். மற்றது, ‘ஒரு வாரம்கூடத் தவறாத முழு வருகை’. மன்றத் தலைவி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பதினொரு சனிக்கிழமைகள் பொய், பெரியவளே. நான் நின்றுகொண்டு சிரித்தேன்.

தேர்வு நவம்பர் 18, சனிக்கிழமை, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அதுவரை சனிக்கிழமை வகுப்பு கிடையாது. வழிகாட்டி கூடவே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நான் அம்மாவோடு இருக்க முடியாது. வெளியாளை வைத்தால் அம்மா மிரளுவாள் என்று சின்னவள் சொல்கிறாள். புதன்கிழமை வந்தவள், “நான் போகலை மிஸ், வேற யாரையாச்சும் அனுப்புங்க” என்றாள். நான் விடவில்லை. அரை மணி நேரம் பேசினேன், வரிசையில் இரண்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். இந்த ஒரு நாளைக்கு நீ வர முடியுமா? ஒரே ஒரு மத்தியானம்.

எக்ஸ்ரே மிஸ்

நவம்பர் 2

மிஸ்,

கிடைத்துவிட்டது! சூப்பர்வைசரிடம் ஐந்து நாள் தொங்கி லீவு வாங்கிவிட்டேன். பதினேழாம் தேதி ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் வீட்டில் இருப்பேன். அம்மாவுக்கு நானே தலை வாரிவிடுவேன். நீங்கள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம் கிடைத்தால் அம்மாவை என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன். ஜூனுக்குள் விடுதியை விட்டு வெளியே ஒரு அறை பிடித்து அவளை இங்கே கூட்டி வந்துவிடுவேன். என் வரிசையில் இருக்கும் ஒரு அக்காவும் நானும் வேறு வேறு ஷிப்ட் போட்டுக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம். அவளுக்கும் யாரும் இல்லை.

அந்த முழு வருகைக்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அவள் நூலகத்தில் படித்தால் என்ன, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் என்ன? படித்தாள் இல்லையா?

பெரியவள்

டிசம்பர் 1

பெரியவளுக்கு,

அம்மாவின் இறுதிச் சடங்கில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் வரவில்லை. சின்னவளை நீ உன்னோடு கூட்டிப் போய்விட்டாய் என்று பள்ளியில் சொன்னார்கள். இந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி, நான் எழுதியாக வேண்டும்.

ஏற்றுமதி அவசரம் என்று வெள்ளிக்கிழமை மாலை உன் லீவை ரத்து செய்தார்கள் என்பது எனக்குச் சடங்கு நாளில்தான் தெரியும். நீ வார்டனிடம் கெஞ்சிப் போனை வாங்கிச் சின்னவளிடம் சொன்னாயாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. தேர்வு மண்டபத்து வாசலில் நான் கேட்டேன். “அக்கா வந்துட்டாளா?” “வந்துட்டா மிஸ். அம்மாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருக்கா.” கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றாள். எனக்குத் தெரியவில்லை. எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் நான்.

இன்னொன்று இருக்கிறது. இது சின்னவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நாலரை மணிக்கே அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். நான் வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார், இன்னொரு தடவை சரிபார் என்று கையைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று. நான் மறுபடியும் காட்டினேன். உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக நான் எதற்காக அவளோடு மல்லுக்கு நின்றேனோ, அது அன்றைக்கு வந்திருந்தது. போதும் என்று அவளே முடிவு செய்து எழுந்தாள். நான்தான் உட்கார வைத்தேன்.

மண்டபத்திலிருந்து உங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அம்மாவைத் தெருவிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். கதவைத் தட்டியிருக்கிறாள், எதிர்வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். வழக்கமான சத்தம்தான் என்று விட்டுவிட்டாராம். பிறகு சமையலறை ஜன்னல். மூன்றாவது மாடி. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது என்றார்கள்.

திங்கட்கிழமை மன்றத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். கையெழுத்து, வருகைத் தாள், எல்லாம். மூன்றாவது வாரமே ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தால் ஆகஸ்டிலேயே ஒருவர் அந்தக் கதவைத் தட்டியிருப்பார். இதைச் சுமந்துகொண்டு என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

எக்ஸ்ரே மிஸ்

டிசம்பர் 3

மிஸ்,

திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று இதை உங்கள் ஊர்ப்பக்கம் போகும் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சரி. சொல்லிவிட்டால் தூக்கம் வரும். மன்றத்தில் நாலு பேர் “பாவம், எவ்வளவு நேர்மையான பெண்” என்பார்கள். அப்புறம்? வருகை பொய் என்றால் தேர்வும் செல்லாது. அவளுடைய தாளைத் திருத்தாமலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் அம்மா எதற்காகச் செத்தாளோ அதுவும் போய்விடும். உங்கள் மனசைக் கழுவ என் தங்கையின் தேர்வுத் தாள்தான் கிடைத்ததா?

எனக்கு மட்டும் சுமை இல்லையா? வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்டைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கலாம். வேலைதானே போயிருக்கும். மறுநாள் என்ன ஆனாலும் அம்மா உயிரோடு இருந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன். அழுது முடித்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு மெஷினில் போய் உட்கார்ந்தேன். அவள் கீழே விழுந்த நேரத்துக்கு நான் யாருக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்ன பிரயோசனம், இப்போதுதான் விடுதியை விட்டு வெளியே அறை எடுத்திருக்கிறேன்.

சின்னவள் பேசுவதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். சாவி இன்னும் அவள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, தூங்கும்போதும். அந்த ஜன்னல் பக்கம் நடந்ததை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். நாலரை மணியையும் எழுதியிருக்க வேண்டாம். படித்துவிட்டேன், இனி என்ன செய்ய? உங்களை மன்னிக்கச் சொல்லாதீர்கள். மூச்சு விடாமல் இருங்கள், அது போதும்.

பெரியவள்

ஜனவரி 14

பெரியவளுக்கு,

நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை மன்றத்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

முடிவு வந்துவிட்டது. சின்னவள் முதல் இடம். கணக்கில் நூற்றுக்கு நூறு. இடம் உறுதி, ஜூனில் சேர வேண்டும். படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன், நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

மன்றத்தில் கொண்டாட்டம். ‘தாயை இழந்த துயரத்திலும் வென்ற மாணவி’ என்று சுவரொட்டி அடிக்கப் போகிறார்களாம், அவள் படம் கேட்டார்கள். படம் தர மாட்டேன், அக்காவுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொன்னதற்கு மன்னித்துக்கொள். புதிதாகச் சேரும் வழிகாட்டிகளுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். ஒரு பிள்ளையை வாரம் தவறாமல் வர வைப்பது எப்படி என்று. இரண்டு வகுப்பு எடுத்துவிட்டேன். நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.

அவளுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுது.

எக்ஸ்ரே மிஸ்

ஜனவரி 29

மிஸ்,

சாப்பிடுகிறாள். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் போடவில்லை.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறந்தாள். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். “அக்கா, நான் பதினோரு வாரம் போகலை. எப்படி முழு வருகைன்னு வந்துச்சு?” என்றாள். ஈரத் துணியை மறுபடியும் பிழிந்தேன், அவளே தொடர்ந்தாள். “மூணு வாரம் வரலைன்னா வீட்டுக்கு ஆள் வருவாங்கன்னு சேர்றப்பவே படிச்சுக் காட்டினாங்க. நான் தினம் எதிர்பார்த்தேன். யாராச்சும் வந்து கதவைத் தட்டுவாங்க, எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். யாருமே வரலை. உனக்கு ஏதாச்சும் தெரியுமாக்கா?”

மிஸ், அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் யாரைப் பார்த்துப் பயந்து உங்களைக் கெஞ்சினேனோ, அந்த ஆளுக்காக அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். மூன்றரை மாதம் அம்மாவையும் பாடத்தையும் ஒற்றையாளாகப் பார்த்தவளுக்கு, ரோஷம் அதிகம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. “எனக்கு எப்படிடி தெரியும், உங்க மிஸ்தான் போட்டிருப்பாங்க” என்றேன். சொல்லிவிட்டேன், மிஸ். எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுவிட்டேன். அவளுக்கு யாரையாவது வெறுத்தாக வேண்டும். இப்போது தன்னைத்தான் வெறுத்துக்கொண்டிருக்கிறாள். என்னை வெறுத்தால் அவளுக்கு இந்த உலகத்தில் ஆள் இல்லை. உங்களை வெறுத்தால் நான் மிச்சம் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வருகிறாள். தனியாகத்தான் போவேன் என்கிறாள். உங்களிடம் வருவாள், எனக்குத் தெரியும். என்ன கேட்பாள் என்றும் தெரியும். நான் கேட்கக்கூடாததை இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். முடியாது என்றால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதற்கும் நான் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பெரியவள்

பிப்ரவரி 3

பெரியவளுக்கு,

நேற்று வந்தாள்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இந்த உறையில் இருக்கின்றன. ஆகஸ்ட் கடிதத்தை முதலில் எரி. பிறகு மற்றதை, கடைசியாக இதை. என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. நான் உனக்கு எழுதியவற்றையும் வைத்துக்கொள்ளாதே. அவள் அலமாரியைக் குடைகிற பெண்.

பன்னிரண்டே காலுக்கு வந்தாள், புதன்கிழமைகளில் வருகிற அதே நேரத்துக்கு. உள்ளே ஒரு பெரியவருக்கு முதுகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். உள்ளே வந்ததும் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இளைத்திருக்கிறாள். தலை ஒழுங்காக வாரியிருந்தது, அது நீதான் என்று நினைத்துக்கொண்டேன்.

“மூணு வாரம் வரலைன்னா ஆள் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்?” என்றாள்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன் என் கையெழுத்தைப் போட்டீங்க?”

நல்ல எண்ணத்தில் போட்டேன் என்று சொன்னால் அவளால் என்னை முழுதாக வெறுக்க முடியாது. அரைகுறையாக வெறுத்தால் மேலே துருவிக்கொண்டே போவாள், உன்னிடம் வந்து நிற்பாள். அதனால் சொன்னேன். “என் பிள்ளை தவறாம வருதுன்னு பேர் வாங்கணும்னு போட்டேன். எனக்குக் கை தட்டினாங்க.” கை தட்டியது உண்மைதானே. சொல்லும்போது அது முழுப் பொய்யாகவும் எனக்குத் தோன்றவில்லை.

“யாராச்சும் போடச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை. நானாத்தான்.”

“எங்க அக்கா?”

“உங்க அக்காவுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பாளா?”

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் அசையவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்தாள், என் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தாள், நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். அதை மன்றத்தில் நான் கொடுத்துவிட்டேன், கவலைப்படாதே. ஜூனில் அவள் சேர்கிறாள். இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள்.

“நல்லவேளை” என்றாள். “அக்காவோன்னு பயந்துட்டேன்.”

எக்ஸ்ரே மிஸ்